மூன்று வாரம், பதினெட்டு மாதம்

பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு வரி உண்டு. பையனை நிற்கவைத்து, எழுத்தர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மச்சம் தேடுவார். மச்சம் அகப்படாவிட்டால் தழும்பு. இடது முழங்காலில் ஒரு தழும்பு, வலது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அந்த எழுத்தர்களுக்குத் தேடுகிற சிரமம் அதிகம் இருந்திருக்காது. பத்து வயதுக்குள் ஏதாவது ஒன்று விழுந்திருக்கும். கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல்லில் வழுக்கியது, தண்டவாளத்து ஜல்லியில் விழுந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி காலில் சிந்தியது. யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆளை அறிந்துகொள்ள அரசாங்கமே அதை எழுதி வைத்துக்கொள்கிறது.

அதே தழும்பு இருபது வயதில் வேறாகிவிடும். வேலை கேட்டுப் போகிற இடத்திலும், பெண் பார்க்க வருகிற வீட்டிலும், ரோந்து ஜீப் நிற்கிற முனையிலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வடசென்னைக்காரன் கன்னத்தில் ஒரு கோடு இருந்துவிட்டால் சினிமா அவன் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கோடு குத்துச்சண்டைப் பயிற்சியில் விழுந்திருக்கலாம், தகரக் கூரையின் விளிம்பு கிழித்திருக்கலாம். கேட்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த அநியாயத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

*

விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் கூவும்போது நான் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆள்காட்டி விரலின் மடிப்பில் தூண்டில் நரம்பு அறுத்த கோடுகள். கெளுத்தி முள் ஏறின இடத்தில் சின்னக் குழி. துறைமுகத்தில் மூட்டை சுமந்த பெரியவர்களுக்கு முன்கையில் கொக்கி வழுக்கின தடம். கன்டெய்னர் வந்து அந்த வேலை போய்விட்டது, தடம் அந்தத் தலைமுறையின் உடம்பில் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளில் வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு மணிக்கட்டிலும் கழுத்தோரத்திலும் பொறி விழுந்த வெள்ளைப் புள்ளிகள்.

எண்ணூர் கழிமுகத்தில் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையை விட்டு இறால் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். சிப்பி கீறிய தழும்பின் மேலேயே மறுபடியும் கீறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் அந்தக் கழிமுகத்தில் படர்ந்தபோது, மீனவர்கள் வாளியும் மக்கும் கொண்டு அதை மொண்டார்கள். உறைகூட இல்லாத கைகளின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. கீறல் நிறைந்த தோலில் எண்ணெய் இறங்கினால் எப்படி எரியும் என்பதை அந்தப் படங்கள் காட்டவில்லை.

*

தோலின் கீழடுக்கில் கொலாஜன் என்கிற புரத நார்கள் இருக்கின்றன. காயமில்லாத தோலில் அவை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் தோல் ஈடுகொடுப்பது அதனால்தான். காயம் பட்டதும் உடம்பு அவசரப்படுகிறது. கடலுக்குப் போகிற நேரத்தில் வலையில் பொத்தல் கண்டவன் கண்ணி பார்த்துப் பின்னாமல் இழுத்து முடிச்சுப் போடுவதைப் போல, உடம்பு நார்களை ஒரே திசையில் அடுக்கிக் காயத்தை மூடுகிறது. மீன் தப்பாது, ஆனால் அந்த இடத்தில் வலை விரியாது.

முதலில் வருவது மெல்லிய நார். பிறகு மாதக்கணக்கில் அதைக் கரைத்துக் கரைத்துத் தடித்த நாரை வைக்கிறது உடம்பு. மூன்று மாதத்தில் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதம் அளவுக்கு வரும். அதற்கு மேல் போவதில்லை. சிவப்பு அடங்கி, மேடு தணிந்து, தொட்டால் மிருதுவாகத் தழும்பு முதிர்வதற்கு ஒரு வருடம் ஆகும்; பலருக்குப் பதினெட்டு மாதம், சிலருக்கு இன்னும் கூட.

சிலருக்கு அடுக்குவதை நிறுத்தச் சொல்லும் உத்தரவு உடம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து மேடாகிவிடுவது ஒரு வகை. எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் நண்டுக் கால் மாதிரி பரவுவது இன்னொரு வகை. கெலாய்டு என்பது அதுதான். முதல் வகை காலப்போக்கில் தானாகவே கொஞ்சம் அடங்கும். இரண்டாவது அடங்காது. நம்மைப் போன்ற கருத்த தோலில் கெலாய்டு அதிகம் வரும். நெஞ்செலும்பின் மேல், தோளில், காது மடலில், தாடையோரத்தில் அது விரும்பி வரும். ஊசி குத்திய இடத்தில், காது குத்திய இடத்தில், முகப்பரு வந்த இடத்தில்கூட வந்துவிடும்.

துறைமுகத்துக்காரன் என்பதால் மாலுமிகள் கதை ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1740இல் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி கப்பல்களோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். பழமும் காய்கறியும் இல்லாத நெடும்பயணத்தில் வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி என்ற நோய் வந்தது. அந்தப் பயணத்தின் பதிவில் ஒரு கிழட்டு மாலுமி வருகிறார். 1690இல் அயர்லாந்துச் சண்டை ஒன்றில் பட்டு, என்றோ ஆறிப்போன அவருடைய காயங்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கப்பலில் புதுக்காயம் போலத் திறந்துகொண்டன. கொலாஜன் செய்ய வைட்டமின் சி வேண்டும். அது தீர்ந்ததும் உடம்பால் பழைய ஒட்டுக்களைப் பராமரிக்க முடியவில்லை. என்றோ மூடிய காயத்தை உடம்பு ஆயுள் முழுவதும் ஒவ்வொரு நாளும் மூடிக்கொண்டே இருக்கிறது. இதைப் படித்த பிறகு தழும்பை இறந்த தோல் என்று என்னால் நினைக்க முடிந்ததில்லை.

*

எங்கள் தெரு முனையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிற அக்காவின் வலது கையில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. புறங்கையிலிருந்து முழங்கைவரை. ஒருவர் பற்பசையோடு ஓடிவந்தார், ஒருவர் இட்லி மாவோடு. பேனா மை தேடினவர்களும் உண்டு. அன்பினால் ஓடிவந்தவர்கள்தான். ஆனால் இவை எதுவும் காயத்துக்கு நல்லதில்லை. சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், கிருமியையும் கொண்டுவந்து சேர்க்கும். வேண்டியது ஓடும் தண்ணீர். ஐஸ் கூடாது. சாதாரணக் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். விபத்து நடந்து மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. காயத்தின் ஆழத்தை அதுவே குறைக்கும். ஆழம் குறைந்தால் தழும்பும் குறையும். தழும்புக்கான வைத்தியத்தில் இதைவிட மலிவானதும் வலியதும் கிடையாது.

லாரி வரும் நாளுக்காகக் குடங்களை வரிசை போட்டு வைக்கிற தெருவில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர் என்பது லேசான காரியமில்லை. எதிர்வீட்டுப் பாட்டி தன் குடங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அக்காவின் கைமேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். அன்று அந்த வீட்டில் சமையலுக்குத் தண்ணீர் இருந்திருக்காது.

*

தீக்காயம் இரண்டு வாரத்தில் தானாக மூடிக்கொண்டால் பெரும்பாலும் நிறமாற்றத்தோடு போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் மூடவில்லை என்றால் தடித்த தழும்பு வருவதற்கான வாய்ப்பு ஒரேயடியாக ஏறிவிடுகிறது. ஆகவே இது தானாக மூடாது என்று தெரிந்ததுமே மருத்துவர்கள் வேறு இடத்துத் தோலை எடுத்து வைக்கப் பார்ப்பார்கள். அக்காவுக்கும் தொடையிலிருந்து எடுத்து வைத்தார்கள். வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் வலித்தது என்பார். தோல் வைத்துக்கொண்ட எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

தோல் வைத்தது ஸ்டான்லி மருத்துவமனையில். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது. 1938இல் மருத்துவக் கல்லூரி ஆனது. துறைமுகமும் ஆலைகளும் பட்டறைகளும் அனுப்பிவைத்த கைகள் அங்கே வந்துகொண்டே இருந்தன. பிரஸ்ஸில் நசுங்கியவை, பெல்ட்டில் மாட்டியவை, தீயில் வெந்தவை. 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே அங்கு ஒரு பிரிவைக் கட்டி எழுப்பினார். அது பிறகு கை ஆராய்ச்சி, மறுவாழ்வு நிறுவனமாக வளர்ந்தது. நாட்டின் பல மூலைகளிலும் கை அறுவை செய்கிறவர்களில் பலர் அங்கே தொழில் பழகியவர்கள்.

கைக்கென்று தனியாக மருத்துவம் வேண்டும் என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு வேரும் இருக்கிறது. 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். கை திரும்பிய பிறகும் முகத்தில் நோயின் அடையாளம் இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதை அங்கே கண்டுகொண்டார்கள். அதனால் விழுந்த புருவத்துக்கும் இறங்கிய மூக்குக்கும் அறுவை செய்தார்கள். அழகுக்காகச் செய்தது என்று அதை யாராவது சொல்ல முடியுமா?

*

புறங்கை வெந்தவர்கள் வலிக்குப் பயந்து கையை ஒரு நிலையில் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். வலி குறைகிற அந்த நிலையிலேயே தழும்பு கையைப் பிடித்துக்கொள்ளும். கழுத்து வெந்தவர்களுக்குத் தலையணை கொடுக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அக்காவின் கைக்கு அச்சு எடுத்து ஸ்பிளின்ட் செய்தார்கள். மணிக்கட்டு சற்று மேல்தூக்கியும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டு மடங்கியும், விரல்கள் நீண்டும் இருக்கும்படியான அச்சு. இரவெல்லாம் அதோடு தூங்க வேண்டும். பகலில் பிசியோதெரபி. விரலை மடக்கச் சொன்ன பெண்ணை அக்கா முதல் வாரம் முழுக்கத் திட்டினார், பிறகு மகள் என்று கூப்பிடத் தொடங்கினார்.

அடுத்து வந்தது அழுத்த உறை. லைக்ரா துணியில் அளவெடுத்துத் தைத்த, விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற, முழங்கைவரை இறுக்குகிற உறை. 1970களில் அமெரிக்காவின் கால்வெஸ்டன் குழந்தைகள் தீக்காய மருத்துவமனையிலிருந்து பரவிய முறை. ஒரு நாளில் 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டும் கழற்றலாம். அதுவும் மாதக்கணக்கில், தழும்பு முதிரும்வரை. இரண்டு மூன்று மாதத்தில் துணி தொய்ந்துவிடும், புதிதாகத் தைக்க வேண்டும். ஆய்வுகளைப் பார்த்தால் மேடு ஓரளவு குறையும் என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்லிவிட முடியாது. அரிப்பு குறைகிறது என்று போட்டவர்கள் சொல்கிறார்கள். அந்த அரிப்பை அனுபவித்தவர்களுக்கு அது ஒன்றே போதும்.

சித்திரை மாதத்துத் திருவொற்றியூர். கடல்காற்றுக்காக மத்தியானம்வரை காத்திருக்க வேண்டிய வெக்கை. அதில் இறுக்கமான உறை. மெல்லிசாகச் சீவி எடுத்து வைத்த தோலில் வியர்வைச் சுரப்பி வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை. உடம்பெல்லாம் வழிய, அந்த ஒரு கை மட்டும் வியர்க்காமல் உள்ளுக்குள் தகிக்கும். தானாக எண்ணெய் கசியாத அந்தத் தோலுக்கு நாம்தான் எண்ணெய் போட வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கட்டைவிரலால் அழுத்தி, வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து. காலை, மத்தியானம், கடை கட்டிய பிறகு.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவாக இருக்கிறார். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்தான் தரிசனம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் கழற்றிப் புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த நாட்களில் மாட வீதியெல்லாம் ஜனம். அந்த வருடம் அக்காவும் வரிசையில் நின்றார், கையில் உறையோடு. உள்ளே என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கழற்றவும் எண்ணெய் சாத்தவும் மறுபடி மூடவும் இத்தனை பொறுமையோடு செய்கிற ஊருக்கு, ஒரு பஜ்ஜிக்கடைக்காரியின் கையையும் அதே பொறுமையோடு பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று மட்டும் தோன்றியது.

*

“உசுரு தப்பிச்சியே, அது போதும்மா.” அக்காவிடம் எல்லோரும் சொன்னது இதுதான். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அடுத்த கட்டத்தில், “கை மடங்குதுல்ல, அப்புறம் இன்னா?” என்றார்கள்.

ஒருநாள் மாலை அக்கா சொன்னார்: “தம்பி, பஜ்ஜி வாங்குறவங்க என் கையப் பாத்துட்டுத்தான் பொட்டலத்தப் பாக்குறாங்க. பழைய ஆளுங்க ஒண்ணும் சொல்லல. புதுசா வர்றவங்க வாங்காமலே போயிடுறாங்க.” பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், “எனக்கே அத பாக்கப் புடிக்கலப்பா” என்றார்.

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு இங்கே இடமே இல்லை. ஏழைக்கு உயிர் போதும், கை அசைந்தால் போதும், பார்வைக்கு எப்படி இருந்தால் என்ன என்கிற எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது, ஏழைகளிடமும் இருக்கிறது. அண்ணா நகரிலோ அடையாறிலோ கன்னத்துப் பருக்குழிக்கு லேசர் வைத்துக்கொள்ளும் பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. எண்ணூரில் ஒரு பெண் அதையே கேட்டால் மட்டும் அது ஆடம்பரமாகிவிடுகிறது. நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தன் உடம்பைத் தானே பார்க்கப் பிடிக்காமல் போவதும் ஒரு வலிதான்.

1923இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். இரண்டு கையும் போனால் சம்பாதிக்கும் திறனில் 100 சதவீத இழப்பு என்று இருக்கும். பார்வை முழுவதும் போனால் 100. அதே வரிசையில், அதே 100 சதவீதத்தில், முகத்தின் மிகக் கடுமையான உருச்சிதைவும் இருக்கிறது. கை, கால், கண், காது எல்லாம் நன்றாக இருந்தும் முகம் சிதைந்தால் பிழைப்பு போய்விடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்திலும் அது இடம்பெற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சுக்கு ஆளானவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஸ்டவ் வெடித்தோ, எண்ணெய் கொட்டியோ, பாய்லர் வெடித்தோ அதே அளவு சிதைந்த முகத்துக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. அசைவு கெட்டிருந்தால்தான் வழி. தழும்புக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் அதைச் சுமக்கிறவருக்கு ஒரே பாரம்தான். சட்டம் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

*

சட்டம் திருந்தும்வரை நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். கெலாய்டை வெறுமனே அறுத்தெடுக்காதீர்கள். அறுத்த காயத்திலிருந்தே அது மறுபடி வளரும், பல சமயம் முன்னைவிடப் பெரிதாக. ஸ்டீராய்டு மருந்தை மேட்டுக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. வலிக்கும். ஆனால் தட்டையாகும், அரிப்பும் நிற்கும். அறுத்தே ஆகவேண்டும் என்றால் கூடவே ஊசியோ கதிர்வீச்சோ வேண்டும். காது குத்தி ஒருமுறை கட்டி வந்த குடும்பத்தில், அடுத்த பெண்ணுக்கு மேல்மடலில் குத்துவதற்கு முன் யோசியுங்கள்.

*

மருந்துக்கடைகளில் முகம் வெளுக்க என்று கேட்டால் எடுத்துத் தருகிற கிரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. இன்றும் சீட்டில்லாமல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தழும்பின் கருமைக்கு என்று மாதக்கணக்கில் பூசினால் சுற்றியுள்ள நல்ல தோலும் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, ரோமம் முளைத்து, வெயில் பட்டால் எரியும். மருத்துவர் அளந்து ஊசியில் போடும் மருந்தும், நாமே வாங்கிப் பூசிக்கொள்ளும் மருந்தும் ஒரே குடும்பமாக இருக்கலாம். பயன் வேறு வேறு. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவும் பழக்கமும் அப்படித்தான்: தழும்பு மறைந்ததற்குச் சான்று இல்லை, ஒவ்வாமை வந்து சிவந்ததற்கு உண்டு.

வெயில்தான் பெரிய எதிரி. புதுத் தழும்பின் மேல் வெயில் பட்டால் கருமை ஆழமாக இறங்கிவிடும், பிறகு எளிதில் போகாது. துணியால் மூடக்கூடிய இடத்துக்குச் சன்ஸ்கிரீனும் வேண்டாம். முழுக்கை ரவிக்கை, முந்தானை, வெல்டிங் வேலைக்காரரின் கழுத்துத் துண்டு போதும்.

*

சிலிகான் தாள் என்று ஒன்று 1980களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. காயம் முழுதாக மூடிய பிறகு தழும்பின்மேல் ஒட்டவேண்டிய மெல்லிய ஜெல் தாள். நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்குக் குறையாமல் போட வேண்டும். கழுவிக் கழுவித் திரும்ப ஒட்டலாம். வியர்வையில் கொப்பளம் வந்தால் ஓரிரு நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒரு தாளின் விலை ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும் என்பதுதான் குறை.

இறுகிப்போன கோட்டைக் கோணல்மாணலாக வெட்டித் திருப்பித் தைத்து நீளத்தைக் கூட்டும் அறுவை, குழிந்த தழும்பின் அடியில் ஊசியை விட்டு ஒட்டை அறுத்து விடுவது, நுண்ணிய துளைகளாகப் போடும் லேசர் என்று பிறகு பல வழிகள் இருக்கின்றன. எதுவும் தழும்பை அழிப்பதில்லை. மேட்டைத் தணிக்கும், சிவப்பைக் குறைக்கும், இழுப்பைத் தளர்த்தும், வெளிச்சத்தில் கண்ணை இழுக்காதபடி செய்யும். கருத்த தோலில் லேசரைப் பழக்கமில்லாத கை பிடித்தால் புதுக் கருமை வரும். ‘தழும்பை முற்றிலும் நீக்குகிறோம்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சுருக்கத்தை விடுவிக்கும் அறுவைக்கு அரசு மருத்துவமனையில் இடம் உண்டு, முதலமைச்சர் காப்பீட்டிலும் வழி உண்டு. நிறத்துக்கும் மேட்டுக்கும் என்றால் காப்பீடுகள் அழகு சிகிச்சை என்று கழித்துவிடுகின்றன. அக்காவின் பொட்டலத்தை வாங்காமல் போனவர்கள் பார்த்தது நிறத்தையும் மேட்டையும்தான்.

*

கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குச் சென்னையின் எந்த மூலையிலிருந்தும் ஆம்புலன்ஸ் போகும். அங்கே வரும் பெண்களில் விபத்து என்று சொல்லச் சொல்லி வீட்டார் சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. 2001இல் சென்னையில் தொடங்கப்பட்ட பி.சி.வி.சி. என்ற அமைப்பு அந்தப் பெண்களின் பக்கத்தில் நிற்கிறது. காயம் மூடிய பிறகு வருகிற நாட்களுக்காக, கண்ணாடி பார்க்கிற நாளுக்காக, முதல்முறை பஸ் ஏறுகிற நாளுக்காக. ராயப்பேட்டை பீட்டர்ஸ் சாலையில் ரைட்டர்ஸ் கஃபே என்ற உணவகம் திறந்தபோது தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அங்கே வேலைக்கு வைத்தார்கள். வீட்டுக்குள் ஒளிந்திருக்காமல், நாலு பேர் நடுவில் நிற்கிற வேலை.

மருத்துவம் தழும்பைக் குறைக்கும் வேகத்தில் நம் பார்வையும் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எதிரே வருகிறவர் முகத்தில் தழும்பு இருந்தால் கண்ணைப் பாருங்கள். என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். அவர் சொல்ல விரும்பினால் சொல்லுவார்.

*

இன்னொரு எச்சரிக்கை: பல வருடத்துப் பழைய தீத்தழும்பில் புண் வந்து, வாரக்கணக்கில் ஆறாமல், ஓரம் தடித்து ரத்தம் கசிந்தால் களிம்பு போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. அபூர்வமாக அது புற்றாக மாறும். ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். முழங்கால் மடிப்பில் பழைய தழும்போடு படகு இழுக்கிற, மூட்டை ஏற்றுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

*

அக்காவின் கை இப்போது தட்டையாகிவிட்டது. நிறம் முழுதாக ஒத்துவரவில்லை. சுண்டுவிரல் மட்டும் கடைசி மடிப்பில் கொஞ்சம் தயங்கும். வெயிலுக்கு முழுக்கை ரவிக்கை. மாலையில் எண்ணெய் தடவுவதை இன்னும் விடவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது தீக்காயம் மூன்று வாரத்தில் மூடாமல் இருந்தாலோ, மூடிய தழும்பு மேடேறினாலோ, அரித்தாலோ, மூட்டை இழுத்தாலோ, பதினெட்டு மாதம் கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதே போனால்தான் உறையும் தாளும் ஊசியும் நன்றாக வேலை செய்யும். வடசென்னையில் இருந்தால் ஸ்டான்லியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவைக் கேட்டு ஓ.பி. சீட்டு போடுங்கள். கை மடங்குகிறதா என்று கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், பார்க்கவும் நன்றாக வரவேண்டும் டாக்டர் என்று கூச்சப்படாமல் வாய்விட்டுக் கேளுங்கள்.